சாயம் வெளுக்குமா?

“கை ரெண்டும் முழங்கை வரைக்கும் நீலமா இருக்கே, இது போகாதா?”

கேட்டவள் வக்கீல். குறுக்கு விசாரணை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்பா காலமான பிறகு அந்த வீட்டில் எந்தக் காரியமும் மூத்தவளான அவளைக் கேட்டுத்தான் நடக்கும். பக்கத்தில் அவள் தம்பி உட்கார்ந்திருந்தான்.

எதிரே, பெண் கேட்டு வந்திருந்த சாயக்காரர் கைகளை மறைக்கவில்லை. “அவுரி இலை தர்ற நிறம். தொட்டியில கைவிட்டுக் கலக்குற வரைக்கும் இப்படித்தான் இருக்கும்.”

அவருடைய பட்டறைக்குத் துணி வாங்கப் போன இடத்தில்தான் உள்ளறையில் இருந்தவளுக்கும் அவருக்கும் மனசு ஒத்துப்போனது. விஷயம் தெரிந்த நாளிலிருந்து வக்கீலுக்குச் சரியான தூக்கமில்லை. ஆளை அலசிப் பார்க்காமல் விடுவதில்லை என்றிருந்தாள்.

இலையையும் பட்டையையும் வேகவைத்துக் குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டாள். பருத்தித் துணி, வாழைநார்த் துணி இரண்டுக்கும் சாயம் போடுவதாகவும், குழந்தைகளுக்கான உடுப்பு தைக்கிறவர்கள் தேடி வந்து வாங்கிப் போவதாகவும் அவர் சொன்னார். குரலில் பீற்றலும் இல்லை, பயமும் இல்லை.

பெரிய சாய ஆலை வேலையை ஏன் விட்டீர்கள் என்று குடைந்தாள். ஆலைக் கழிவு இறங்கிப் பின்தெருக் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டதாம். கண்டுகொள்ளாதே என்றாராம் முதலாளி. இவரோ தெருக்காரர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வேலையை உதறிவிட்டார். இப்போது தன் பட்டறைத் தண்ணீர் கீரைப் பாத்திக்குப் போவதாகவும், அந்தக் கீரையைத்தான் தானும் சாப்பிடுவதாகவும் சொன்னார்.

வக்கீல் அவர் கொண்டுவந்த சிவப்புத் துணியை ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தாள். ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. ஆனாலும் விடவில்லை. “ரெண்டு துவைப்புல சாயம் வெளுத்துடாதே?”

துணியைப் பற்றித்தான் கேட்டாளா என்று அவளுக்கே சந்தேகம்.

“சிவப்பும் நீலமும் நிக்கும். மஞ்சள் மட்டும் வெயில் தாங்காது. அதை வாங்குறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுவேன்.”

“எங்களுக்குக் கடுக்காய் குடுத்துட மாட்டீங்களே?”

“சாயம் நல்லாப் பிடிக்கணும்னு துணிக்குத்தான் கடுக்காய் குடுப்பேன். மனுஷங்களுக்குக் குடுத்துப் பழக்கமில்ல.”

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். வக்கீலுக்கும் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. எத்தனையோ சாட்சிகளைத் திணறடித்தவள் அவள். தன் சரக்கின் குறையைத் தானே முந்திக்கொண்டு சொல்லும் ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

“கடைசியா ஒண்ணு. ஊரு நாலு விதமா பேசும். அப்போ பின்வாங்க மாட்டீங்களே?”

“ஆலை முதலாளிக்கே பின்வாங்கல. ஊர் வாய்க்கா பின்வாங்கப் போறேன்?”

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். எழுந்துபோய் உள்ளறைக் கதவைத் தட்டினாள்.

“எங்க ரெண்டு பேருக்கும் பூரண சம்மதம். வெளியே வா.”

கதவு திறந்தது. நரைத்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டு, முகமெல்லாம் வெட்கமாக வெளியே வந்தாள், அவர்களுடைய அம்மா.