ஒரு பல் குறைவு

“வண்டி இழுக்கவே மாட்டேங்குதுண்ணே. இன்னும் ஒரு பல்லைக் குறைச்சிடுங்க” என்றபடி டெய்லர் பைக்கை மெக்கானிக் ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். நிறுத்தியதும் முதல் வேலையாகக் கைக்குட்டையை எடுத்துப் பின் சீட்டைத் துடைத்தார்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. போன மாதம் இதே வண்டியில் இன்ஜின் பக்கத்தில் செயினைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிவிட்டு, ஒரு பல் குறைந்ததை மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். அப்படிச் செய்தால் உச்ச வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் கிளம்பும்போது வண்டி சீறும். சிக்னலில் பின்னால் நிற்பவனெல்லாம் ஹாரன் அடித்து மானத்தை வாங்குகிறான் என்று அன்று புலம்பியவர் இந்த டெய்லர்தான்.

பிக்கப் வேலை என்றால் அந்த வட்டாரத்தில் மெக்கானிக்கின் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் பெயருக்கே ஆபத்து வந்தால் சும்மா இருப்பாரா? செயினை அழுத்திப் பார்த்தார், பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு தானே ஏறித் தெருமுனை வரை ஒரு சுற்றுப் போய்வந்தார். வண்டி பறந்தது.

“நல்லாத்தானே போகுது! எங்கே, நீங்க உட்காருங்க பாப்போம்.”

டெய்லர் ஏறி உட்கார்ந்தார். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. ஆனால் பின்பக்க ஸ்பிரிங், இரண்டு ஆள் ஏறியதுபோல் முனகிக்கொண்டு இறங்கியது. கிளட்சை விட்டதும் வண்டி வேண்டாவெறுப்பாக நாலடி நகர்ந்தது.

“என்ன டெய்லரே, மத்தியானம் தையல் மெஷினையே முழுங்கிட்டீங்களா?”

டெய்லர் சிரிக்கவில்லை. இறங்கி நின்றுகொண்டு, “போன தடவை இதை மாத்தினது நீங்கதானேண்ணே?” என்றார்.

“பின்னே? என் கையாலதான்.”

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

மனிதருக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். “நான்தான் மாத்தினேன்!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். சொன்னதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“அப்ப இன்னொரு பல்லு?”

“வேண்டவே வேண்டாம். இதுக்கு மேல குறைச்சா, கிளட்சை விட்டதுமே முன் வீல் தூக்கிடும். பின்னாடி இருக்கிறவங்க மல்லாக்க விழுவாங்க. இப்பவே பிடிச்சு உட்காரலேன்னா கஷ்டம்தான். வீட்டம்மா ஏறுவாங்களா?”

“ஏறுவா. ஒரு பக்கமாத்தான் உட்காருவா. தைச்ச துணி மூட்டை மடியில இருக்கும், ரெண்டு கையும் அது மேலதான்.” டெய்லர் நிமிர்ந்து பார்த்தார். “அன்னிக்கு நீங்க இதைச் சொல்லவேயில்லையேண்ணே.”

“இதையெல்லாமா சொல்லிட்டிருப்பாங்க? பிக்கப் கேட்டீங்க, குடுத்தேன்.”

வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று மனசு உறுத்தியது. அதை வெளிக்காட்டாமல் மெக்கானிக் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

“சரிண்ணே, இருக்கட்டும். அப்படியே விட்டுடுங்க.”

டெய்லர் மறுபடி வண்டியில் ஏறினார். இந்தத் தடவை ஸ்பிரிங் அசையவேயில்லை. கிளட்சை விட்டதும் வண்டி துள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றது. அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சீட்டைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“பாத்தீங்களா, நான் சொல்லல? என் வேலையில குறை வராது! வீட்டம்மாவை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கச் சொல்லுங்க.”

“நீங்க மாத்திக் குடுத்த அன்னிக்கே மேம்பாலத்துச் சிக்னல்ல அவ விழுந்துட்டாண்ணே. மூட்டையை விடாமலே செத்துப்போனா.”

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கீழே விழுந்தது. “அப்ப... இத்தனை நாளா உங்க பின்னாடி...”

ஷெட்டின் மூலையில், ஆளில்லாமல் நின்றிருந்த மெக்கானிக்கின் சொந்த ஸ்கூட்டரின் பின்பக்கம் முனகிக்கொண்டு மெல்ல இறங்கியது.

டெய்லர் அந்தப் பக்கம் ஒரு முறை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

“பாத்துப் போங்கண்ணே. அவளுக்குப் பிடிச்சு உட்காரத் தெரியாது.”