கரகரப்பு

“இன்னும் கொஞ்சம் எக்கோ ஏத்தும்மா” என்று சவுண்ட் மிக்சருக்கு மேல் குனிந்து நச்சரிக்கிறார் அத்தான். ஒத்திகை தொடங்கியதிலிருந்து இதே பல்லவிதான். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து அக்கா இன்றுதான் மறுபடி மைக் முன் நிற்கிறாள்; பின்னால் குழுவினர் பாடுகிறார்கள். காலி நாற்காலிகள்மேல் ஜன்னல் வெயில் சரிந்து கிடக்கிறது. மிக்சரிலேயே இருக்கும் எக்கோவை ஏற்கெனவே அளவுக்கு மீறி வைத்திருக்கிறேன். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குழம்புகிறது. “வார்த்தையே புரியல அத்தான்.” “புரியலன்னா போகுது, கரகரப்பு தெரியக் கூடாது.” எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பட்டனை அழுத்தி எக்கோவை அடியோடு அணைக்கிறேன். அவர் பதறிப்போய், அக்காவின் குரலையாவது குறைக்கலாமென்று ஒலியளவுக்கான ஃபேடர் ஒன்றை வெடுக்கென்று கீழே இழுக்கிறார். அது குழுவினர் எல்லோருக்கும் சேர்த்து நான் வைத்திருக்கும் குரூப் ஃபேடர். ஸ்பீக்கரில் அவர்கள் குரல் அத்தனையும் அடங்கிப்போகிறது. அக்காவின் குரல் மட்டும் கேட்கிறது, கரகரவென்று, மேல் ஸ்தாயியில் உடைந்து. “ஐயோ, ஏத்து, ஏத்து!” மறுபடி நீளும் அவர் கையைத் தட்டிவிடுகிறேன். அக்கா பாட்டை நிறுத்தி மூச்சு வாங்குகிறாள். பிறகு மைக்கிலேயே, கூடம் முழுக்கக் கேட்கச் சொல்கிறாள்: “அப்படியே விடுடி. இப்பத்தான் என் குரல் எனக்கே கேக்குது. அந்த மனுஷனைக் கொஞ்சம் உட்காரச் சொல்லு.”