விட்டுப்போன விடைகள்

மிருதுளாவுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும். வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் சொல்லிவிடுவாள். எழுதச் சொன்னால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். மருத்துவச் சான்றிதழ் வாங்கினால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் தருவார்கள், அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளும் கிடைப்பார் என்று எஸ்தர் டீச்சர் படிவத்தை நீட்டியபோது, அம்மா கனகா அதைத் தொடவேயில்லை.

"நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல கேட்டா என்ன டீச்சர் சொல்றது? கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவுதான். நான் பாத்துக்கறேன்."

அறிவியல் தேர்வன்று மணி அடித்ததும் எல்லோரும் வெளியே வந்தார்கள். கீழ்த்தள அறையில் மட்டும் ஒரு பெண் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் இன்னும் விடை சொல்லிக்கொண்டிருந்தது, வெளியே காத்திருந்த கனகாவுக்கு ஜன்னல் வழியே தெரிந்தது. மிருதுளா கடைசியாக வந்தாள்.

"நாலு பெரிய கேள்வி விட்டுட்டேம்மா."

"தெரியலையா?"

"தெரியுமே. நேரம்தான் இல்ல."

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, வேர் உறிஞ்சும் தண்ணீர் உச்சி இலை வரைக்கும் எப்படி ஏறுகிறது என்று அவள் சொல்லத் தொடங்கினாள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அவர்கள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்றுவிட்டுப் போயிற்று. கனகா மகளின் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். வினாத்தாளை மடியில் விரித்து, ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் முனையை வைத்தாள்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா," என்றாள்.