கெட்டியான டிப்

"இந்த டிப்பும் சரியில்ல அண்ணாச்சி," என்று இசக்கிதுரை ஸ்நூக்கர் குச்சியை நீட்டி, அதன் நுனியில் ஒட்டியிருந்த தோல் வில்லையைக் காட்டினான்.

ஒரகடத்தில் ஸ்நூக்கர் பார்லர் வைத்திருக்கும் இளம்பரிதிக்குச் சலித்துப்போயிற்று. "ஒரே மாசத்துல மூணாவது டிப்பு. ஆட்டம் கைல கீதுபா, குச்சி நுனில இல்ல."

அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்த இசக்கிதுரை தலையாட்டினான். "சத்தத்த வச்சுத்தான அடி சரியா விழுந்துச்சான்னு தெரியும்? இது பஞ்சுல குத்துன மாதிரில்லா இருக்கு. ஒரு மாசமா தோத்துக்கிட்டே இருக்கேன்."

மறுநாள் ஷிப்ட் முடிந்து அவன் வந்தபோது புது டிப் தயாராக இருந்தது.

"இருக்கறதுலயே கெட்டி இதான். அடி, பாக்கலாம்."

இசக்கிதுரை ஓங்கி அடித்தான். பட்டாசு வெடித்ததுபோல் சத்தம். பக்கத்து மேசைக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தியளா, இதுலயும் சத்தமே இல்ல."

இளம்பரிதி மெதுவாக அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். "கம்பெனில தகடு அடிக்கிற மிஷின்கிட்ட எத்தினி வருசமா நிக்கிற?"

இரண்டாம் முறை கத்தியே கேட்டான். ஹாலே திரும்பியது.

இசக்கிதுரை மட்டும் திரும்பவில்லை. குனிந்து, டிப்பில் நீலச் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.