பென்சில் பெயர்கள்

சங்கரன்கோவில் வம்ச வரலாற்றுக் கழகத்தின் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொடிவழித் தாளில் உயிரோடு இருப்பவர் பெயரைப் பென்சிலில்தான் எழுதுவார்கள். ஆள் செத்த பிறகே அதன் மேல் மை ஏறும்.

செயலாளர் சிவராமலிங்கத்துக்கு அது வசதியாகப் போயிற்று. செத்துப்போன அண்ணனின் இரண்டாந்தாரத்து மகள் சங்கரேஸ்வரி வயலில் பங்கு கேட்டுக் கேஸ் போட்டதும், தன் குடும்பத் தாளில் இருந்த அவள் பெயரை ரப்பரால் சுத்தமாக அழித்தார். தாளைக் கோர்ட்டில் நீட்டி, "எங்க குடும்பத்துல அப்படி ஒருத்தி கெடையாது" என்றார். கேஸ் தள்ளுபடியாயிற்று.

கோர்ட் வாசலில் சங்கரேஸ்வரி அழவில்லை.

"அழிச்ச ரப்பரப் பத்திரமா வச்சிருங்க, சித்தப்பா. வந்து வாங்கிக்கிடுதேன்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள் காலை, அவள் செத்த சேதி நூலகத்துக்கு வந்தது. சிவராமலிங்கம் மடியிலிருந்த சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, தாளை விரித்தார். அவள் பெயர் பழைய இடத்திலேயே இருந்தது, ஈரம் காயாத மையில். மேல் வரிசையில், மனைவி காந்திமதியின் பெயருக்குப் பக்கத்தில், அவர் பெயர் இல்லை. அங்கே கொஞ்சம் ரப்பர் தூள் கிடந்தது. மேசை டிராயரில் ரப்பரைக் காணோம். பென்சிலை எடுத்துத் தன் பெயரை எழுதிப் பார்த்தார், கோடே விழவில்லை.

வேர்த்து விறுவிறுக்க வீட்டுக்கு ஓடினார். கதவைத் திறந்த காந்திமதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"யாரு வேணும்?"

"ஏட்டி, நாந்தான்! சிவராமலிங்கம்!"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்படி ஒருத்தர் இங்கன கெடையாதே, அண்ணாச்சி" என்று கதவைச் சாத்தினாள்.