சாய்தளத்தில் நெல்

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கியதுமே கத்த ஆரம்பித்தார். அலுவலகத்தின் புதுச் சாய்தளம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது.

“யோவ் பக்கிரி! சக்கர நாற்காலியில வர்றவங்க எப்படிய்யா மேல ஏறுவாங்க?”

வாட்ச்மேன் பக்கிரி தலையைச் சொறிந்தார். “நெல்லு ஈரமா இருக்குன்னு கொள்முதல் நிலையத்துல திருப்பி அனுப்பிட்டாங்க சார். ரெண்டு நாள் வெயில் காட்டினா…”

“அதுக்கு மாற்றுத்திறனாளிங்க வழிதான் கிடைச்சுதா? காயப்போட்ட ஆளைக் கூப்பிடு. இல்லேன்னா நாளையிலேருந்து உனக்கு வேலை கிடையாது.”

பக்கிரி வேப்பமரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “பிரகதி, சார் கூப்பிடறாரும்மா!”

சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு பிரகதீஸ்வரி வந்தாள். இந்தச் சாய்தளத்துக்காக நாலு வருஷம் மனுக் கொடுத்தவள். மடியில் நெல் கிளறும் கோல்.

அதிகாரி திகைத்தார். “ஏம்மா, உனக்காகக் கட்டின வழியில நீயேவா?”

“ஏறிப் பார்த்தேன் சார். மேல இந்த வழிக்குன்னு வெச்ச கதவு பூட்டியிருக்கு. நல்ல சரிவு, நல்ல வெயில். சும்மாதானே கிடக்கு?”

“பூட்டா? எவன்யா பூட்டினது?”

“நீங்கதான் சார்” என்றார் பக்கிரி. “திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்கட்டும்னு குறுவை அறுப்பப்போ சாவியை எடுத்துட்டுப் போனீங்க. இது அடுத்த போகம், சம்பா நெல்லு.”