ஷின் வீட்டு ஏர்

முரசு அதிர்ந்ததும் எல்லா ஜோடிகளும் கற்காட்டில் இறங்கின.

மற்ற ஏர்களில் மனைவி முன்னால் கயிற்றை இழுத்தாள். கணவன் பின்னால் மேழியைப் பிடித்தான்.

எங்கள் ஏரில் மட்டும் கயிறு என் மகன் கியூஹ்வானின் தோளில். மேழி மருமகள் யோனோக்கின் கையில்.

மாடு வாங்க வழியில்லாமல் இந்த ஜொங்சொன் மலையைத் தாங்களே இழுத்து உழுத தம்பதிகளின் நினைவாக வசந்தந்தோறும் நடக்கும் போட்டி இது. இறந்துபோன அந்த முன்னோரின் பெயரை வெள்ளைத் துணியில் எழுதி ஏரில் கட்டிக்கொண்டு பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உழுவார்கள். வேகத்துக்குப் பரிசில்லை. சால் நேராக ஓட வேண்டும்.

எங்கள் துணியில் என் அப்பா தொக்சு, அம்மா கில்லே. எங்கள் வீடு களத்தில் இறங்குவது இதுதான் முதல் முறை.

"ஏண்ணே, ஒங்க வீட்டுல பரம்பரையா ஆம்பளயத்தான் பூட்டுவீங்களோ?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த குவோன், சோளக் கள்ளை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். "மாட்டுத் தொக்சுன்னு எங்கய்யா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் நான் வளர்ந்தேன். இன்று அதைப் புதைக்க வந்திருந்தேன்.

"ஷின் வீட்டுப் பொம்பள தோள்ல கயிறு ஏறாது, தம்பி. ஒம்மவன் சால் பாம்பு மாதிரி போவுது, அதப் பாரு."

பின்வரிசைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

உண்மையில் அவன் மகன் மேழியோடு தடுமாறிக்கொண்டிருந்தான். முன்னால் இழுத்தவள் திரும்பி நின்று ஏதோ திட்டினாள். இன்னொரு ஏர் கல்லில் மாட்டிக் குடைசாய்ந்தது.

கியூஹ்வான் போய்க்கொண்டே இருந்தான்.

எல்லோரும் காலடியைப் பார்த்து நடந்தார்கள். அவன் ஒரு தடவைகூடக் குனியவில்லை. தலையை நிமிர்த்தி, எதிர்மலையை நோக்கி, ராஜா மாதிரி இழுத்தான். பாறை வந்தது. கடைசி அடியில் விலகினான். ஏர் பாறையை உரசாமல் திரும்பி, மறுபடி அதே கோட்டில் ஏறியது.

கூட்டம் எழுந்துவிட்டது. முரசுக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"யோனோக் அக்கா, விடாத! ஓட்டு, ஓட்டு!"

நான் எழவில்லை. அடுத்த பாறை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி இரைந்தது. "முதல் பரிசு, ஷின் தொக்சு, கில்லே தம்பதி!"

பள்ளத்தாக்கு அந்தப் பெயர்களைத் திருப்பிச் சொன்னது. ஊருக்கு நடுவே அப்பாவின் பெயர் ஒலித்து, யாரும் சிரிக்காத முதல் நாள்.

மேடையில் விழாத் தலைவர் கோப்பையை நீட்டினார். கியூஹ்வான் அதை வாங்காமல் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"என்னண்ணே, ஒங்க மவனுக்குக் கோப்பை புடிக்கலயா?" என்றான் குவோன்.

நான் யோனோக்கைப் பார்த்தேன்.

கயிறு இன்னும் அவன் தோளில்தான் கிடந்தது. அவன் பின்னால் நின்ற யோனோக், கயிற்றின் இடப்பக்கத்தை மெல்லச் சுண்டினாள்.

அவன் இடப்பக்கம் திரும்பி, தலை தாழ்த்தி, இரண்டு கைகளாலும் கோப்பையை வாங்கிக்கொண்டான்.

அப்பாவுக்குப் பார்வை போனபோது அம்மா கற்காட்டில் உழும்போது கண்டுபிடித்த வழி அது. என் அக்காமாருக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். குருட்டுக் குடும்பம் என்று பெயர் வருவதைவிட மாடு என்று சிரிக்கட்டும் என்றார் அப்பா. அவர் போன பிறகும் நாங்கள் வாய் திறக்கவில்லை.

கியூஹ்வானுக்கு போன பனிக்காலத்தில்தான் முழுதாக இருட்டியது. வீட்டைவிட்டு ஏன் வெளியே வருவதில்லை என்று ஊர் கேட்கத் தொடங்கியிருந்தது.

அவன் மகளுக்கு இலையுதிர்காலத்தில் கல்யாணம்.